அத்தியாயம் 7: இறக்கை திரும்பும் புரொப்பெல்லருக்கு எந்த கிரீஸ்?

பாய்மரப் படகில் இயந்திரம் துணைக்குத்தான். துறைமுகத்துக்குள் நுழையவும், காற்று விழுந்துவிட்டால் நகரவும், நெருக்கடியிலிருந்து விலகவும் அது வேண்டும். மற்ற நேரத்தில் அதன் புரொப்பெல்லர் தண்ணீருக்கடியில் படகைப் பின்னுக்கு இழுக்கும் வெறும் சுமை. 36 அடிப் படகில் மூன்று இறக்கை கொண்ட நிலையான புரொப்பெல்லர் இருந்தால், பாயில் ஓடும்போது சுமார் அரை நாட் வேகமாவது அதற்கே போய்விடும். இந்த இழப்பைக் குறைக்க வந்தவை இரண்டு வகை. மடங்கும் வகையில் இறக்கைகள் பின்பக்கமாகச் சாய்ந்து ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். திரும்பும் வகையில் ஒவ்வோர் இறக்கையும் தன் அச்சிலேயே திரும்பி, நீரோட்டத்துக்குத் தன் விளிம்பை மட்டும் காட்டி நிற்கும்.

இரண்டும் விலை கூடியவை. நடுத்தர அளவுப் படகுக்குத் திரும்பும் வகை ஒன்று வாங்கப் பல ஆயிரம் யூரோ ஆகும். அந்தப் பொருள் இருபது, முப்பது ஆண்டு உழைப்பதும், சில ஆண்டுகளிலேயே பல் தேய்ந்து ஆட்டம் கண்டுவிடுவதும் பெரும்பாலும் அதற்குள் எந்த கிரீஸ் இருக்கிறது, அது இன்னும் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. கடையில் 'மரைன் கிரீஸ்' என்று எழுதிய முதல் டப்பாவை எடுத்துவருவது இங்கே போதாது. எதைப் பார்த்து வாங்குவது, எப்படி இடுவது என்பதே இந்த அத்தியாயம்.

குடத்துக்குள் நடப்பது

திரும்பும் வகைக்கு இத்தாலியின் மேக்ஸ்-ப்ராப் நல்ல எடுத்துக்காட்டு. இறக்கைகளைத் தாங்கும் அதன் வெண்கலக் குடத்துக்குள், இயந்திரத் தண்டோடு பிணைந்த கூம்புப் பல்சக்கரம் ஒன்று நடுவில் இருக்கிறது. ஒவ்வோர் இறக்கையின் அடியிலும் ஒரு சிறிய கூம்புப் பல்சக்கரம் இருந்து நடுச்சக்கரத்தோடு கவ்வி நிற்கிறது. தண்டு சுழலத் தொடங்கியதும் நடுச்சக்கரம் இறக்கைகளை ஒரே நேரத்தில் திருப்புகிறது. குறித்த கோணத்தில் ஒரு தடுப்பு வந்து முட்டியதும் புரொப்பெல்லர் முழுவதும் சேர்ந்து சுழலும். ரிவர்ஸ் கியர் போட்டால் இறக்கைகள் மறுபக்கம் திரும்பி அதே கோணத்தில் நிற்பதால், பின்னோக்கியும் நல்ல தள்ளுவிசை கிடைக்கும். இயந்திரத்தை நிறுத்தித் தண்டைச் சுழலாமல் பிடித்துவிட்டால், ஓடும் தண்ணீர் இறக்கைகளைத் தள்ளி விளிம்புநிலைக்குக் கொண்டுவரும்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். இறக்கைகளைத் திறப்பது இயந்திரத்தின் முறுக்குவிசை. அதற்கு வலு அதிகம்; கெட்டிப்பட்ட கிரீஸையும் அது உடைத்துக்கொண்டு திருப்பிவிடும். இறக்கைகளை மீண்டும் விளிம்புநிலைக்குக் கொண்டுவருவதோ மூன்று, நான்கு நாட் வேகத்தில் வரும் தண்ணீரின் தள்ளல் மட்டுமே. அது மென்மையான விசை. ஆகவே கிரீஸ் இறுகிப்போனால் முதல் அறிகுறி இயந்திரம் ஓடும்போது தெரியாது. பாயில் ஓடும்போது படகு காரணமில்லாமல் மந்தமாக இருப்பதில்தான் தெரியும். கிரீஸ் நீர்த்துக் கழுவப்பட்டுவிட்டால் முதல் அறிகுறி வேறு: கியர் மாற்றும்போது குடத்திலிருந்து 'டக்' என்ற உலோகச் சத்தம் கேட்கும். தேர்வு இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. தண்ணீர் தள்ளினால் இறக்கை திரும்பும் அளவுக்கு இளக்கமாகவும், அதே தண்ணீர் கழுவிக்கொண்டு போகாத அளவுக்குப் பிடிப்பாகவும் கிரீஸ் இருக்கவேண்டும்.

எதிரி வெப்பம் அல்ல, தண்ணீர்

கிரீஸ் டப்பாக்களில் பெரிதாக அச்சிடப்படும் பெருமைகளில் பலவும் காருக்கும் லாரிக்கும் உரியவை. சக்கரப் பேரிங் நிமிடத்துக்குப் பல நூறு முறை சுழல்கிறது. பிரேக்கின் சூட்டைத் தாங்குகிறது. அதனால் உருகுநிலை 260 டிகிரி செல்சியஸ், அதிவேகத்துக்கு ஏற்றது என்றெல்லாம் விளம்பரம் செய்கிறார்கள். புரொப்பெல்லர் குடத்தின் நிலைமை வேறு. அதற்குள் பல்சக்கரங்கள் திரும்புவது கியர் மாற்றும் அந்தச் சில நொடிகள் மட்டும். அதுவும் அரைச் சுற்றுக்குள். குடத்தின் வெப்பநிலை கடல்நீரின் வெப்பநிலைதான். பால்டிக் கடலில் வசந்தத் தொடக்கத்தில் அது 5 டிகிரியை ஒட்டியிருக்கும். லங்காவித் தீவுப் பக்கம் 30 டிகிரியை ஒட்டியிருக்கும். 260 டிகிரிக்கு இங்கே வேலையே இல்லை.

இங்கே கிரீஸ் தாங்கவேண்டியவை வேறு. உப்புநீர் இரவும் பகலும் சூழ்ந்து நிற்கும். இறக்கை அடியின் இடுக்குகள் வழியே நீர் மெல்ல உள்ளே கசியும். இயந்திரம் ஓடும்போது சுழற்சியின் விசை கிரீஸை வெளியே தள்ளும். இடையில் பல வாரம் படகு அசையாமல் நிற்கும். வேகமும் சூடும் இல்லாத, தண்ணீர் மட்டுமே உள்ள இந்த இடத்துக்குப் பொருந்தும் கிரீஸ், கார் உலகம் பெரும்பாலும் கைவிட்ட பழைய வகையாகவே பல சமயம் அமைந்துவிடுகிறது.

டப்பாவில் பார்க்கவேண்டிய ஐந்து

1. சோப்பு எந்த வகை? கிரீஸ் என்பது எண்ணெயும் அதைப் பிடித்துவைக்கும் கெட்டிப்பொருளும் சேர்ந்தது. பெரும்பாலும் அந்தக் கெட்டிப்பொருள் ஓர் உலோகச் சோப்பு. தண்ணீரில் கிரீஸ் நிற்குமா போகுமா என்பதை முதலில் முடிவுசெய்வது இதுதான். உப்புக் கிணற்றுத் தண்ணீரில் குளித்தால் சோப்பு நுரைக்காமல் வெள்ளைத் திரிதிரியாகப் பிரிந்து, எவ்வளவு ஊற்றினாலும் கரையாமல் தோலில் ஒட்டிக்கொள்ளும். அந்தத் திரி, தண்ணீரிலுள்ள சுண்ணாம்பும் சோப்பும் சேர்ந்து உண்டான கால்சியம் சோப்புதான். கரையாத அந்தக் குணமே கால்சியம் கிரீஸின் பலம்.

- கால்சியம்: தண்ணீரை நன்றாகத் தள்ளும். பழைய வகை 80 டிகிரிக்கு மேல் தன் கட்டுக்கோப்பை இழக்கும். நீரில்லாத புதிய வகை இன்னும் அதிக வெப்பம் தாங்கும். கடலுக்கடியில் இரண்டுமே போதும். வட அமெரிக்காவில் மேக்ஸ்-ப்ராப்புக்கு நெடுங்காலமாகப் பரிந்துரைக்கப்படும் லூப்ரிபிளேட் 130 ஏஏ கால்சியம் வகையைச் சேர்ந்ததே.
- கால்சியம் சல்ஃபோனேட் காம்ப்ளெக்ஸ்: தண்ணீர், உப்பு, பளு மூன்றையும் தாங்கும். துருவைத் தடுப்பதும் பளுவைத் தாங்குவதும் இதன் கெட்டிப்பொருளிலேயே இருக்கும் குணம். தனிச் சேர்மானம் அதிகம் வேண்டாம். ஒரே குறை, கெட்டிப்பொருள் அதிகமாதலால் சில தயாரிப்புகள் குளிரில் விறைத்துவிடும்.
- அலுமினியம் காம்ப்ளெக்ஸ்: தண்ணீரைத் தாங்கும், உலோகத்தில் நன்றாக ஒட்டும். ஆனால் வேறு வகை கிரீஸ்களோடு ஒத்துப்போகாது.
- லித்தியம், லித்தியம் காம்ப்ளெக்ஸ்: உலகில் அதிகம் விற்பது இதுதான். தண்ணீரைத் தாங்கும் திறன் நடுத்தரம். பட்டியலில் முதலிடத்துக்கு உரியதல்ல. வேறு கிடைக்காத துறைமுகத்தில், ஒரு பருவத்துக்கு உதவும்.
- சோடியம்: குளியல் சோப்பின் இனம். தண்ணீரில் கரைந்துபோகும். கடலுக்கடியில் எந்த வேலைக்கும் ஆகாது.

2. எண்ணெயின் பாகுநிலை. மெதுவாகத் திரும்பும் பற்களுக்கிடையே எண்ணெய்ப்படலம் தானாக உருவாகாது. உலோகத்தின்மேல் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் படலம்தான் காப்பாற்றவேண்டும். அதனால் கனமான எண்ணெய் நல்லது. தரவுத்தாளில் '40 டிகிரியில் பாகுநிலை' என்ற வரியைப் பாருங்கள். 150 முதல் 460 சென்டிஸ்டோக்ஸ் வரை இந்த வேலைக்கு ஏற்றது. குளிர்ந்த கடலில் ஓடும் படகுக்குக் கீழ்ப்பாதியையும், வெப்பமண்டலக் கடலில் ஓடும் படகுக்கு மேல்பாதியையும் தேர்ந்தெடுங்கள்.

3. கெட்டித்தன்மை எண். இது என்.எல்.ஜி.ஐ. எண் என்று டப்பாவில் இருக்கும். 25 டிகிரியில் 60 முறை பிசைந்த கிரீஸின்மேல் ஒரு கூம்பை இறக்கி, ஐந்து நொடியில் அது எவ்வளவு ஆழம் போகிறது என்று மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்காக அளக்கிறார்கள். 310 முதல் 340 வரை என்றால் எண் 1. 265 முதல் 295 வரை என்றால் எண் 2. 220 முதல் 250 வரை என்றால் எண் 3. பெரும்பாலான திரும்பும் புரொப்பெல்லர்களுக்கு எண் 2 சரி. எண் 3 தண்ணீரில் நன்றாக நிற்கும். ஆனால் தண்ணீரின் மென்மையான தள்ளலுக்கு இறக்கை திரும்பாமல் போகலாம். எண் 1 குளிர்க்கடலுக்கு மட்டும் பொருந்தும். அதையும் அடிக்கடி நிரப்பவேண்டியிருக்கும். இந்த அளவு 25 டிகிரிக்கு உரியது என்பதை மறக்கவேண்டாம். கடையில் விரலால் தொட்டு இளக்கமாகத் தெரியும் கிரீஸ் 6 டிகிரித் தண்ணீரில் வேறு பொருளாகிவிடும்.

4. சேர்மானங்கள். பளு தாங்குவதற்காகப் பல கிரீஸ்களில் கந்தகச் சேர்மங்கள் கலக்கிறார்கள். எஃகுக்கு அது நன்மை. வீரியமுள்ள கந்தகம் செம்பை அரிக்கும். நம் புரொப்பெல்லரோ செம்பு அதிகமுள்ள வெண்கலம். தரவுத்தாளில் 'செம்புப் பட்டைச் சோதனை', ஏ.எஸ்.டி.எம். டி 4048, என்ற வரி இருக்கும். முடிவு 1ஏ அல்லது 1பி என்றிருந்தால் நிம்மதியாக வாங்கலாம். 2-க்கு மேல் என்றால் வைத்துவிடுங்கள். அந்த வரியே இல்லையென்றால் விற்பவரிடம் கேளுங்கள்.

5. தண்ணீர்ச் சோதனை. ஏ.எஸ்.டி.எம். டி 1264 சோதனையில், கிரீஸ் அடைத்த பேரிங்கைச் சுழலவிட்டு ஒரு மணி நேரம் தண்ணீரைப் பீய்ச்சி, எத்தனை விழுக்காடு கழுவப்பட்டது என்று எடைபோடுகிறார்கள். 38 டிகிரியிலும் 79 டிகிரியிலும் செய்வதுண்டு. 79 டிகிரியில் இழப்பு 5 விழுக்காட்டுக்குள் இருக்கும் கிரீஸைத் தேடுங்கள். இரண்டு டப்பாக்களை ஒப்பிடும்போது இரண்டிலும் ஒரே வெப்பநிலையின் எண்ணைத்தான் ஒப்பிடுகிறோமா என்று பாருங்கள். எண்ணே தராமல் 'வாட்டர்ப்ரூஃப்' என்ற சொல்லை மட்டும் அச்சிட்டிருந்தால் அது உறுதி ஆகாது.

வாங்கக் கூடாதவை

முதலாவது, கிராஃபைட் கலந்த கிரீஸ். கடல்நீரில் உலோகங்களை வரிசைப்படுத்தினால் கிராஃபைட் எல்லாவற்றுக்கும் மேல் உயர்முனையில் நிற்கும். வெண்கலத்தோடும் துருப்பிடிக்காத எஃகோடும் அது உப்புநீரில் தொட்டுக்கொண்டிருந்தால் ஒரு சிறிய மின்கலம் உருவாகி, அரிபடுவது உங்கள் புரொப்பெல்லராக இருக்கும். கறுப்பு நிற கிரீஸ் எதை எடுத்தாலும் அதில் என்ன இருக்கிறது என்று படித்துப் பாருங்கள். மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த கறுப்பு கிரீஸையும், புரொப்பெல்லர் தயாரிப்பாளர் பெயர் சொல்லிப் பரிந்துரைத்தால் ஒழிய, தவிர்ப்பதே பாதுகாப்பு.

இரண்டாவது, வின்ச் கிரீஸ். மேல்தளத்தில் கயிறு இழுக்கும் வின்ச்சுக்காக இளக்கமாகச் செய்யப்பட்டது அது. தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும் வேலை அதற்கு இல்லை. மூன்றாவது, செம்புத்தூள் கலந்த 'ஆன்ட்டி-சீஸ்' பசை. அது திருகுகள் இறுகாமல் இருக்க இடும் பொருள். பற்களுக்கிடையே மசகாக நிற்பதற்கு அல்ல.

ஆட்டு ரோமத்திலிருந்து வரும் லானோலின் பசைக்கு நல்ல பெயர் உண்டு. உலோகத்தில் ஒட்டும், உப்புநீரைத் தள்ளும். வெளிப்புறத் திருகுகளிலும், வேறு வேறு உலோகங்கள் சேரும் இடங்களிலும் அதைத் தடவுவது நல்ல பழக்கம். குடத்துக்குள் நிரப்பும் கிரீஸின் இடத்தை மட்டும் அதற்குக் கொடுக்கவேண்டாம்.

உங்கள் புரொப்பெல்லர் எந்த வகை?

மேலே சொன்னவை மூடிய குடத்துக்குள் பல்சக்கரம் உள்ள திரும்பும் வகைக்கு முழுமையாகப் பொருந்தும். மற்றவற்றுக்குச் சில மாற்றங்கள் வேண்டும்.

மடங்கும் வகையில் இறக்கைகளின் அடிப்பற்கள் பெரும்பாலும் கடலுக்குத் திறந்தே இருக்கின்றன. அங்கே இடும் கிரீஸ் நெடுநாள் நிற்காது. தண்ணீரையே மசகாகக் கொண்டு இயங்கும்படி வடிவமைத்து, கிரீஸ் வேண்டாம் என்று சொல்லும் தயாரிப்பாளர்களும் உண்டு. இந்த வகையில் பார்க்கவேண்டியது ஊசித்தண்டுகளின் தேய்மானமும் அவற்றைப் பிடிக்கும் திருகுகளும். திருகுகளில் பூட்டுப்பசை இடும்படி கையேடு சொன்னால், அந்தப் புரிகளில் கிரீஸ் துளியும் படக்கூடாது. எண்ணெய்ப்பசை இருந்தால் பூட்டுப்பசை பிடிக்காது. திருகு கழன்றால் இறக்கையே கடலில் போய்விடும்.

பிரிட்டனின் ஆட்டோப்ராப் போன்றவற்றில் ஒவ்வோர் இறக்கையும் பேரிங்கின்மேல் தனித்தனியே சுழன்று தன் கோணத்தைத் தானே தேடிக்கொள்ளும். அங்கே குண்டுகளின் பாதையில் உப்பு புகுந்தால் குழி விழும். துருத்தடுப்புச் சோதனையில் நன்றாக வந்த கிரீஸே அங்கே வேண்டும். நியூசிலாந்தின் கீவிப்ராப்பில் இறக்கைகள் கூட்டுப்பொருளால் ஆனவை. பிளாஸ்டிக்குக்கு ஊறு செய்யாத கிரீஸ் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

எந்த வகையானாலும் தயாரிப்பாளரின் கையேட்டில் பெயர் சொல்லியிருக்கும் கிரீஸ் கிடைத்தால் அதையே வாங்குங்கள். இந்த அத்தியாயத்தின் அளவுகோல்கள், அது கிடைக்காத ஊரில் அதற்கு நிகரானதைக் கண்டுபிடிக்க.

உள்ளே இருப்பது எது?

புதிய கிரீஸைத் தேர்ந்தெடுத்தவுடன் கேட்கவேண்டிய கேள்வி, பழையது எந்த வகை என்பது. வேறு வேறு சோப்புகளைக் கலந்தால் கட்டுக்கோப்பு குலையலாம். தனித்தனியே நன்றாக இருந்த இரண்டு கிரீஸ்கள் சேர்ந்து கஞ்சிப் பதத்துக்கு இளகிவிடும். சில சேர்க்கைகள் இறுகிவிடும். அலுமினியம் காம்ப்ளெக்ஸும், களிமண் வகையும், பாலியூரியா வகையும் பெரும்பாலான மற்றவற்றோடு சேராதவை. பழையது எது என்று தெரியவில்லையென்றால் கழற்றிக் கழுவி, புதிதாக நிரப்புவது ஒன்றே வழி. செகண்ட்ஹேண்டில் வாங்கிய படகுக்கு இதை முதல் கரையேற்றத்திலேயே செய்துவிடுங்கள்.

கழற்றும்போது பழைய கிரீஸைத் துடைத்து எறிவதற்கு முன் உற்றுப் பாருங்கள். பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. வெள்ளை நிற கிரீஸ் பயன்படுத்துபவர்கள் புதியதில் ஒரு துளியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடவேண்டும். பச்சை கலந்திருந்தால் செம்பு அரிபடுகிறது. வெயிலில் பிடித்தால் பொன்னிறத் துகள் மின்னினால் பற்கள் தேய்கின்றன. மெழுகுபோல் காய்ந்திருந்தால் எண்ணெய் வெளியேறிச் சோப்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது. வெண்கலத்திலேயே இளஞ்சிவப்புத் திட்டுகள் தெரிந்தால், உலோகக்கலவையிலிருந்து துத்தநாகம் கரைந்துபோகிறது என்று பொருள். அது கிரீஸின் வேலை அல்ல, புரொப்பெல்லருக்குப் பதிலாகத் தான் அரிபடும் துத்தநாக அனோடையும் மின்கசிவையும் சோதிக்கவேண்டிய எச்சரிக்கை.

கிரீஸ் இடும் முறை

முழுதாகக் கழற்றாமல் ஆண்டுதோறும் நிரப்பும் முறை இது. துளைகள் இருக்கும் இடமும் எண்ணிக்கையும் மாதிரிக்கு மாதிரி மாறும். கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. படகு கரையேறியதும் இயந்திரத்தின் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். இறக்கைகளுக்கிடையே கை இருக்கும்போது தண்டு சுழலக்கூடாது.
2. கொட்டலசுகளையும் சுண்ணாம்புப் படிவையும் மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ ஆன சுரண்டியால் நீக்குங்கள். இறக்கையின் அடி விளிம்பைச் சுற்றி நன்றாகத் துடையுங்கள். அங்கே ஒட்டியிருக்கும் ஓட்டுத்துண்டு உள்ளே போனால் அரம்போல் அறுக்கும்.
3. கிரீஸ் இடுவதற்கு முன் இறக்கையைக் கையால் முழுவதும் திருப்பிப் பாருங்கள். ஒரே சீராக வரவேண்டும். நுனியைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்து ஆட்டம் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள்.
4. கிரீஸ் துளையை மூடியிருக்கும் திருகைக் கழற்றி, புரொப்பெல்லரோடு வந்த நிப்பிளைப் பொருத்துங்கள். எதிர்த்துளையின் திருகையும் கழற்றிவிடுங்கள். உள்ளே இருக்கும் காற்றும் நீரும் வெளியேற வழி வேண்டும்.
5. கிரீஸ் கன்னால் மெதுவாக அழுத்துங்கள். சில அழுத்தலுக்கு ஒருமுறை இறக்கைகளை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் திருப்புங்கள். அப்போதுதான் புதியது பற்களுக்குப் பின்னாலும் போய்ச் சேரும்.
6. எதிர்த்துளையிலும் இறக்கை அடியின் இடுக்குகளிலும் பழையது முழுவதும் வெளியேறி, சுத்தமான புதிய கிரீஸ் வரும்வரை தொடருங்கள்.
7. நிப்பிளைக் கழற்றித் திருகுகளைப் பழையபடி இறுக்குங்கள். நிப்பிளை அப்படியே விட்டுக் கடலில் இறக்கவேண்டாம்.
8. வெளியே வழிந்ததைத் துணியால் துடைத்து, துணியைக் கழிவெண்ணெய்த் தொட்டியில் போடுங்கள்.

இங்கே பேரிங் வேலை தெரிந்தவர்கள் ஒன்றை மாற்றிக்கொள்ளவேண்டும். வேகமாகச் சுழலும் பேரிங்கில் மூன்றில் ஒரு பங்கோ பாதியோதான் நிரப்பவேண்டும்; அதிகமானால் கிரீஸ் கடையப்பட்டுச் சூடாகும். புரொப்பெல்லர் குடத்தில் வேகமும் இல்லை, சூடும் இல்லை. ஆகவே அதை இடைவெளியே இல்லாமல் நிரப்புங்கள். கிரீஸ் இல்லாத ஒவ்வொரு வெற்றிடத்திலும் கடல்நீர் வந்து உட்காரும்.

கிரீஸ் படக்கூடாத இடங்கள் இரண்டு. ஒன்று, துத்தநாக அனோடு குடத்தைத் தொடும் முகம். அங்கே உலோகத்தோடு உலோகம் வெறுமையாகச் சேரவேண்டும். கிரீஸ் இடையில் நின்றால் மின்தொடர்பு அறுந்து அனோடு காவல் காக்காது. அனோடு புத்தம்புதிதாக இருக்க, புரொப்பெல்லர் அரிபடும். மற்றொன்று, தண்டின் கூம்பு முனையும் குடத்தின் கூம்புத் துளையும் பொருந்தும் இடம். கையேடு வேறு சொல்லாதவரை அதைச் சுத்தமாகவும் உலர்வாகவும் பொருத்துங்கள்.

முழுதாகக் கழற்றிச் செய்பவர்கள் முதலில் கோண அமைப்பை எழுதிவையுங்கள். ஒவ்வொரு படியிலும் படம் எடுங்கள். மேக்ஸ்-ப்ராப்பில் இறக்கைகளிலும் குடத்திலும் பற்களிலும் எழுத்தும் எண்ணும் பொறித்திருக்கும். ஒரு பல் தள்ளிக் கோத்தாலும் ஓர் இறக்கை மட்டும் வேறு கோணத்தில் நின்று படகே அதிரும். மண்ணெண்ணெயில் தூரிகையால் கழுவி, நன்றாக உலர்த்தி, ஒவ்வொரு பல்லுக்கும் கையால் கிரீஸ் தடவிக் கோத்துவாருங்கள்.

எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை?

வட ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவின் வடகரைகளிலும் படகுகளை இலையுதிர்காலத்தில் கரையேற்றி, வசந்தத்தில் இறக்குவது பொது வழக்கம். அங்கே ஆண்டுக்கு ஒருமுறை போதும். கரையேற்றிய கையோடு, இலையுதிர்காலத்திலேயே இட்டுவிடுவது சிறந்தது. குடத்தில் தேங்கிய உப்புநீர் குளிர்காலம் முழுவதும் உலோகத்தோடு கிடக்காது.

லங்காவி, புக்கெட் போன்ற இடங்களில் படகு ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பான கடலில் மிதக்கிறது. எண்ணெய் இளகி வேகமாகக் கசியும். கொட்டலசுகள் இறக்கை அடியிலேயே குடியேறும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிரப்பவேண்டும். கரையேற்ற முடியாதபோது முக்குளிப்பவரைக் கொண்டு நீருக்கடியிலேயே நிரப்புவதும் உண்டு. மாற்றுத் திருகுகளை முன்பே வாங்கி வைத்துக்கொண்டு செய்யுங்கள். கை தவறிய திருகு கடலடிச் சேற்றில் கிடைக்காது.

வாங்குமுன் ஒரு சோதனை

தரவுத்தாள் கிடைக்காத ஊரில் இரண்டு கிரீஸ்களுக்கிடையே தயங்கினால் இப்படிச் செய்து பாருங்கள். சுத்தமான பித்தளைத் தகடு இரண்டில் ஒவ்வொன்றையும் ஒரே கனத்தில் தடவுங்கள். ஒரு வாளிக் கடல்நீரில் போட்டு, தினமும் சில நிமிடம் கலக்கிவிடுங்கள். இரண்டு வாரம் கழித்து எடுத்து, எதில் அதிகம் மிஞ்சியிருக்கிறது, எது வெளுத்திருக்கிறது, துடைத்தபின் எந்தத் தகடு நிறம் மாறியிருக்கிறது என்று பாருங்கள். பிறகு ஒவ்வொரு கிரீஸையும் இன்னும் இரண்டிரண்டு தகடுகளில் தடவி, குளிர்ந்த கடலில் ஓடும் படகானால் குளிர்பதனப் பெட்டியில் ஓர் இரவு வையுங்கள். காலையில் ஒரே கிரீஸ் தடவிய இரண்டு தகடுகளைச் சேர்த்து வைத்து ஒன்றின்மேல் ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். மூழ்கியபோது நின்றதும், குளிரில் திரும்பியதும் எதுவோ அதுவே உங்கள் கிரீஸ்.

அறிகுறியும் காரணமும்

- பாயில் ஓடும்போது தண்டு நிற்காமல் சுழல முயல்கிறது, படகு மந்தம்: இறக்கைகள் விளிம்புநிலைக்கு வரவில்லை. கிரீஸ் இறுகியிருக்கலாம், மிகக் கெட்டியான எண்ணாக இருக்கலாம், அல்லது அடியில் கொட்டலசு. முதலில், முன் கியரில் மெதுவாக ஓடும்போதே இயந்திரத்தை நிறுத்தி, பிறகு கையேடு சொல்லும் கியரில் தண்டைப் பிடித்துப் பாருங்கள்.
- கியர் மாற்றும்போது உலோகச் சத்தம்: குடம் காலியாகிவிட்டது, அல்லது பற்கள் தேய்ந்துவிட்டன. நிரப்பியபின்னும் சத்தம் நீடித்தால் கழற்றிப் பார்க்கவேண்டும்.
- புதிதாக ஓர் அதிர்வு: ஓர் இறக்கையில் ஆட்டம் கூடியிருக்கலாம். கிரீஸ் இதைச் சரிசெய்யாது.
- நிரப்பிய சில வாரத்திலேயே இறக்கை அடியிலிருந்து எண்ணெய் வழிகிறது: சோப்பும் எண்ணெயும் பிரிகின்றன. பழையதோடு ஒத்துப்போகாத வகையைக் கலந்திருக்கவே அதிக வாய்ப்பு.

கடலையும் எண்ணுங்கள்

குடத்திலிருந்து வெளியேறும் கிரீஸ் முழுவதும் கடலுக்கே போகிறது. 79 அடியும் அதற்கு மேலும் நீளமுள்ள வணிகக் கப்பல்கள் எண்ணெயும் கடலும் சந்திக்கும் இடங்களில் சூழலுக்கு உகந்த மசகையே பயன்படுத்தவேண்டும் என்று அமெரிக்கா 2013-ன் கப்பல் அனுமதி விதிகளில் வகுத்தது. பொழுதுபோக்குப் படகுகளை அந்த விதி கட்டுப்படுத்தவில்லை. ஆயினும் நங்கூரம் போட்டு நாமே இறங்கி நீந்தும் தண்ணீரில் எதை விடுகிறோம் என்பது நம் பொறுப்பு. மட்கும் கிரீஸ்கள் இப்போது கிடைக்கின்றன. அவற்றில் சில, நீரோடு நெடுநாள் இருந்தால் சிதையும் எஸ்டர் எண்ணெயால் ஆனவை. அவற்றைத் தேர்ந்தெடுப்பவர்கள் நிரப்பும் இடைவெளியைப் பாதியாக்கிக்கொள்ளவேண்டும். எந்த கிரீஸானாலும், நன்றாக ஒட்டி நிற்பதைத் தேர்ந்தெடுத்து வழிந்ததைத் துடைத்துவிட்டால் கடலுக்குப் போவது குறையும்.

எழுதி வையுங்கள்

வேலை முடிந்ததும் ஐந்து செய்திகளை ஓர் அட்டையில் எழுதி இயந்திர அறைக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள்: கிரீஸின் முழுப்பெயர், சோப்பு வகை, கெட்டித்தன்மை எண், நிரப்பிய தேதி, இறக்கை நுனியின் ஆட்டம். அடுத்த ஆண்டு ஆட்டம் கூடியிருக்கிறதா என்று அந்த எண் சொல்லும். இதே கிரீஸில் இரண்டு குழல்களை வாங்கிப் படகிலேயே வையுங்கள். அறியாத துறைமுகத்தில், வேறு கைகள் உங்கள் புரொப்பெல்லருக்கு கிரீஸ் இடும் நாள் வரலாம். அன்று அவர்கள் அலமாரியில் கிடைப்பதை எடுக்காமல், அட்டையைப் படித்து உங்கள் குழலை எடுக்கவேண்டும். படகை விற்கும்போது அட்டையையும் மிச்சக் குழலையும் புதியவரிடம் சேர்த்தே கொடுங்கள்.